அம்மாவின் கேள்வி: கால்வாய் பார்க்க ஆம்ஸ்டர்டாம் வரை போகணுமா?

மாம்பலம்_மைனா:

வணக்கம். செப்டம்பர் கடைசி வாரம் ஆம்ஸ்டர்டாமில் நான்கு இரவு தங்கப் போகிறோம். நான், அப்பா (68), அம்மா (64). விசா வந்துவிட்டது, தோஹா வழியாக டிக்கெட்டும் போட்டாயிற்று. தங்குமிடம்தான் இன்னும் முடிவாகவில்லை.

அப்பா ஏற்கெனவே பாதி அங்கே போய்விட்டார். தினமும் காலையில் யூடியூபில் படகு ஓடுவதைப் பார்க்கிறார். அம்மாதான் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறார். "கால்வாய் பார்க்கவா இவ்வளவு துட்டு? மயிலாப்பூர் ரயில்வே ஸ்டேஷன்ல நின்னு எட்டிப் பார்த்தா கால்வாய் தெரியுதே. மூக்கைப் பொத்திக்கணும், அவ்வளவுதானே" என்று நேற்றும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

எந்தப் பக்கம் தங்கலாம்? அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, ஊர் அவருக்கு ஒத்துவருமா? படகுச் சவாரிக்குக் காசு கொடுப்பது தகுமா? இருவரும் சைவம். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

ஃபில்டர்_காபி:

முதலில் மாடிப்படி பற்றிச் சொல்லிவிடுகிறேன், மற்றதெல்லாம் அப்புறம். கால்வாய் ஓரத்துப் பழைய வீட்டில் அறை என்று படத்தைப் பார்த்து மயங்கிப் போட்டுவிடாதீர்கள். நாங்கள் அப்படித்தான் போட்டோம். மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. படியைப் பார்த்தால் பரண் ஏணிக்குக் கொஞ்சம் தங்கை மாதிரி இருந்தது. கால் வைக்கும் பலகை என் பாதத்தில் பாதி அகலம்தான். இறங்கும்போது பின்பக்கமாகத் திரும்பி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். பெட்டியைத் தூக்கிப் போனதில் தோள்பட்டை இரண்டு நாள் போச்சு.

அங்கே வீடுகளின் முகப்பு குறுகல், உள்ளே நீளம். நம் காரைக்குடி வீட்டைக் கத்தரிக்கோலால் வெட்டி நிமிர்த்தி வைத்தது போல நினைத்துக்கொள்ளுங்கள். படிக்கு இடம் இல்லை என்பதால் சாமான் எல்லாம் வெளியேதான் ஏறும். ஒவ்வொரு வீட்டு உச்சியிலும் ஒரு உத்தரம் நீட்டிக்கொண்டிருக்கும், நுனியில் கொக்கி. அதில் கயிறு போட்டு மூட்டையையும் பீரோவையும் இழுத்து ஜன்னல் வழியே உள்ளே வாங்குவார்கள். மூட்டை சுவரில் இடிக்கக்கூடாது என்பதற்காக முகப்பையே சற்று முன்னால் சாய்த்துக் கட்டியிருக்கிறார்கள். தெருவில் நின்று பார்த்தால் வீடு நம் மேல் குனிந்து ஏதோ கேட்பது போல இருக்கும்.

ஆகவே அம்மாவுக்கு லிஃப்ட் உள்ள ஹோட்டலாகப் பாருங்கள், டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்தில். ஊர் மையத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. அறை வாடகைக்கு மேல் 12.5 சதவீதம் சுற்றுலா வரி தனியாக வரும், அதையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

பெரம்பூர்_லோகோ:

மாடிப்படிக்கு அடுத்த ஆபத்து சைக்கிள். சிரிக்காதீர்கள். செம்மண் நிறத்தில் ஒரு பாதை நடைபாதை மாதிரியே இருக்கும், அது நடைபாதை இல்லை. நம்ம ஊரில் பின்னால் வருகிறவன் ஹாரன் அடித்துக்கொண்டே வருவான், காது பழகியிருக்கும். அங்கே 'டிங்' என்று ஒரே ஒரு மணி, அது கேட்கும்போது சைக்கிள் முழங்கைக்குப் பக்கத்தில் வந்திருக்கும். குழந்தை இரண்டை முன்னால் பெட்டியில் வைத்துக்கொண்டு ஓட்டி வரும் அம்மாக்கள்தான் அதிக வேகம்.

இன்னொன்று. டிராம், பஸ், மெட்ரோ, ரயில் எல்லாவற்றிலும் வங்கி கார்டைத் தட்டி ஏறலாம், இறங்கும்போதும் மறக்காமல் தட்ட வேண்டும். நான் செய்த தப்பைச் சொல்கிறேன்: எனக்கு ஒரு தடவை, மனைவிக்கு ஒரு தடவை என்று ஒரே கார்டை இரண்டு முறை தட்டிவிட்டேன். முதல் தட்டில் நான் ஏறினேன், இரண்டாவது தட்டில் நானே இறங்கிவிட்டேன். இரண்டு பேரும் கணக்கில் இல்லாமல் நான்கு நிறுத்தம் போனோம். டிக்கெட் பரிசோதகர் வந்து கார்டைப் பார்த்துவிட்டுச் சிரித்தார், விட்டுவிட்டார். எல்லோரும் சிரிக்க மாட்டார்கள். ஆளுக்கு ஒரு கார்டு எடுத்துப் போங்கள்.

திருவல்லிக்கேணி_திண்ணை:

அப்பாவிடம் ஒன்று சொல்லி வையுங்கள். 'காபி ஷாப்' என்று போர்டு இருந்தால் உள்ளே போக வேண்டாம். அங்கே விற்பது காபி இல்லை, கஞ்சா. காபிக்கு 'காஃபே' என்று போட்டிருக்கும். என் மாமனார் நல்ல ஸ்ட்ராங் காபி கிடைக்கும் என்று ஒரு காபி ஷாப்பில் நுழைந்து, வாசனை பிடித்துப் பார்த்து, "ஏதோ சாமியார் மடம் போலிருக்கு" என்று வெளியே வந்தார்.

மாம்பலம்_மைனா:

அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "நான் ஏன் போகிறேன்" என்றார். ஆனால் குரலில் கொஞ்சம் ஆர்வம் இருந்தது.

அம்மாவின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது.

கூவம்_கரை:

அம்மா கேட்டது நியாயமான கேள்வி. அதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். பொதுப்பணித்துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், தண்ணீர் விஷயம் என்றால் வாய் நிற்காது.

ஆம்ஸ்டர்டாம் என்ற பெயரே 'ஆம்ஸ்டல் ஆற்றின் அணை' என்றுதான் பொருள்படும். 13-ஆம் நூற்றாண்டில் அந்த ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, அதன் மேல் ஊர் வளர்ந்தது. இன்று சுற்றுலாப் பயணிகள் படம் பிடிக்கிற டாம் சதுக்கம் அந்த அணை இருந்த இடம்தான். 1613-ல் ஊரைச் சுற்றிப் புதிய கால்வாய்களை வெட்ட ஆரம்பித்தார்கள். உள்ளிருந்து வெளியே ஹேரென்கிராக்ட், கைசர்ஸ்கிராக்ட், பிரின்சென்கிராக்ட்: கனவான்களின் கால்வாய், பேரரசர் கால்வாய், இளவரசர் கால்வாய். கனவான்கள் அரசருக்கு முன்னால் வருவதைக் கவனியுங்கள், வியாபாரிகள் ஆண்ட ஊர் அது. 2010-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது இந்த வளையம்.

அழகு எல்லாம் அப்புறம் வந்தது. வெட்டியதற்குக் காரணம் சரக்குப் போக்குவரத்தும் வடிகாலும் விற்பதற்கு மனையும். ஒரு காலத்தில் சாக்கடையும் அதில்தான் விழுந்தது. கோடையில் பணக்காரர்கள் நாற்றம் தாங்காமல் ஊரை விட்டே போவார்கள். 19-ஆம் நூற்றாண்டில் பல கால்வாய்களை மூடித் தெருவாக்கினார்கள். யோர்டான் பகுதியில் ரோசன்கிராக்ட் என்று ஒரு சாலை இருக்கிறது. பெயரில் கிராக்ட், கால்வாய் என்று அர்த்தம். போய்ப் பார்த்தால் டிராம் ஓடும். 1889-ல் மூடியது. நம்ம மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறதே, எந்த ஏரி தெரிகிறது? அதே கதை. 1920-களில் ஏரியைத் தூர்த்துத் தியாகராய நகர் போட்டோம், பெயர் மட்டும் கரையில் நிற்கிறது.

பிறகு அவர்கள் செய்ததுதான் அம்மாவுக்குப் பதில். மதகுகளை மூடி, ஒரு பக்கம் நல்ல தண்ணீரை உள்ளே விட்டு, மறுபக்கம் பழைய தண்ணீரைத் தள்ளிவிடும் ஏற்பாடு. 1879-ல் இதற்கென்றே ஸேபர்க் என்ற இடத்தில் இறைப்பு நிலையம் கட்டினார்கள். பழைய நகரத்து வீடுகளின் கழிவுக் குழாய்களைக் கால்வாயிலிருந்து பிரித்துச் சாக்கடையோடு இணைத்து முடிக்க 1980-கள் வரை ஆனது. படகு வீடுகள் சுமார் 2,500 இருக்கின்றன, அவற்றின் முறை அதற்கும் பிறகுதான் வந்தது. ஒரு நாளில் சுத்தமான தண்ணீர் இல்லை அது. 2012 முதல் வருடத்துக்கு ஒரு நாள் ஜனங்கள் அந்தக் கால்வாயில் நீந்துகிறார்கள், முதல் வருடம் இன்றைய ராணி மாக்சிமாவும் குதித்தார்.

ஆம்ஸ்டல் ஆற்றில் கார்ரே அரங்கத்துக்கு எதிரில் 17-ஆம் நூற்றாண்டு மதகுகள் இன்னும் இருக்கின்றன. பக்கத்தில் பெஞ்சு உண்டு, அம்மா உட்காரலாம். படகுச் சவாரியை விட அதைத்தான் நான் சொல்வேன்.

பேசின்பிரிட்ஜ்_பேரன்:

கரை சார், நம்ம பக்கிங்காம் கால்வாயை அவ்வளவு சுலபமாக விட்டுவிடாதீர்கள். 1806-ல் எண்ணூர்ப் பக்கம் வெட்ட ஆரம்பித்து, கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி, 1876–78 பஞ்சத்தில் கூலி வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்தார்கள். பட்டினியில் இருந்தவர்கள் வெட்டிய துண்டு அது. அப்போதைய கவர்னர் பக்கிங்காம் பிரபுவின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

என் தாத்தா பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் விறகுத் தொட்டியில் கணக்கு எழுதினவர். படகு சவுக்குக் கட்டை ஏற்றி வடக்கிலிருந்து வரும், உப்பு வரும், சுண்ணாம்புக்குக் கிளிஞ்சல் வரும் என்று சொல்வார். காற்று இருந்தால் பாய், இல்லாவிட்டால் கரையில் ஆள் நடந்து கயிற்றால் இழுக்க வேண்டும். அந்தக் கயிறு தோளில் விட்ட தழும்பை வைத்தே படகுக்காரனைக் கண்டுபிடித்துவிடலாமாம். அப்புறம் புயல்கள் கரையை உடைத்தன, லாரி வந்தது, கடைசியில் கால்வாய்க்கு உள்ளேயே தூண் இறக்கிப் பறக்கும் ரயிலை விட்டோம். அம்மா மயிலாப்பூர் ஸ்டேஷனிலிருந்து எட்டிப் பார்க்கிறாரே, அந்த ஸ்டேஷன் அதன் தலையில்தான் நிற்கிறது.

அடையாறு_ஆந்தை:

எல்லாம் சரி, அவர் கேட்டது டூருக்கு யோசனை, நீங்கள் வரலாறு எடுக்கிறீர்கள் :)

படகுச் சவாரி பற்றி நான் கரை சாருக்கு எதிர்க்கட்சி. முழங்கால் வலி இருப்பவருக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்தபடி ஊர் முழுக்கக் காட்டுவது வேறு எது? பெரிய கண்ணாடிக் கூரைப் படகு வேண்டாம். மழை வந்தால் கண்ணாடியில் ஆவி படிந்து ஏசி பஸ்ஸில் போவது போலத்தான் இருக்கும், ஒலிபெருக்கியில் நான்கு மொழியில் ஒரே நகைச்சுவை வேறு. பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் திறந்த படகாகப் பாருங்கள், சாயங்காலம் விளக்குப் போடும் நேரத்தில். தண்ணீர் மட்டத்திலிருந்து பாலத்தின் வளைவைப் பார்க்கிற கோணம் தெருவில் நின்றால் கிடைக்காது. ஓட்டுகிறவர் கண்டிப்பாக ஒன்று சொல்வார்: இங்கே மூன்று மீட்டர் ஆழம், ஒரு மீட்டர் சேறு, ஒரு மீட்டர் சைக்கிள், ஒரு மீட்டர் தண்ணீர். முதல் தடவை கேட்பது போல முகத்தை வைத்துக்கொள்ளுங்கள்.

காசே கொடுக்காமல் படகு வேண்டுமா? மத்திய ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம் போங்கள். ஐய் நீர்ப்பரப்பைக் கடந்து வடகரைக்குப் போகும் ஃபெர்ரி முழுக்க இலவசம், சில நிமிடப் பயணம். சைக்கிளோடு ஆபீஸ் போகிற கூட்டத்தோடு நின்று போகலாம்.

கூவம்_கரை:

திறந்த படகு என்றால் எனக்கு ஆட்சேபம் இல்லை. கண்ணாடிப் பெட்டியைத்தான் சொன்னேன்.

ஃபில்டர்_காபி:

சாப்பாடு: சைவம் என்றால் பயப்பட வேண்டாம். சுரினாம் சாப்பாட்டுக் கடைகளைத் தேடுங்கள். தென் அமெரிக்காவில் டச்சுக்காரர்கள் ஆண்ட நாடு அது. 1873 முதல் கல்கத்தாவிலிருந்து சுரினாமுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்ட இந்தியர்களின் வாரிசுகள் பலர் பிறகு ஹாலந்துக்கு வந்து குடியேறினார்கள். அவர்கள் போடும் ரொட்டிக்கு நடுவே பருப்புத் தூள் இருக்கும், நம் பருப்புப் போளியின் உப்புத் தம்பி. கூடவே உருளைக்கிழங்குக் கறி, காராமணிக்காய்ப் பொரியல். முட்டை வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்று முழுசாக வந்து உட்காரும். இந்தோனேசியக் கடைகளில் டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி) கிடைக்கும், ஆனால் சம்பல் என்ற மிளகாய்த் துவையலில் இறால் விழுது கலந்திருக்கலாம், கேட்டுக்கொள்ளுங்கள். குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம்.

நாஜிகளுக்குப் பயந்து ஒளிந்திருந்து நாட்குறிப்பு எழுதிய யூதச் சிறுமி ஆனி ஃபிராங்கின் வீட்டைப் பார்ப்பதாக இருந்தால் இணையத்தில் மட்டும்தான் டிக்கெட். ஒவ்வொரு செவ்வாயும் அவர்கள் நேரம் காலை 10-க்கு, ஆறு வாரம் கழித்து வரும் நாட்களுக்குத் திறப்பார்கள். நமக்கு அது மதியம் 1.30. சாப்பிட்டுவிட்டு உட்காரலாம் என்று இருந்தால் போச்சு. உள்ளே படி மிகச் செங்குத்து, அம்மா வெளியே பிரின்சென்கிராக்ட் கரையில் உட்கார்ந்திருப்பது நல்லது.

பெரம்பூர்_லோகோ:

கழிப்பறைக்குச் சில்லறையும் கார்டும் கையில் வைத்திருங்கள், பல இடங்களில் காசு கேட்பார்கள்.

அகழி:

லோகோ அண்ணா சொன்னதில் ஒரு வேடிக்கை. நாம் 'கக்கூஸ்' என்கிறோமே, அது டச்சு மொழியின் 'காக்ஹௌஸ்' என்பார்கள். 'துட்டு' அவர்களுடைய 'டாய்ட்' என்ற செப்புக் காசு. கக்கூஸுக்குத் துட்டு கொடுக்கும்போது இரண்டு சொல்லையும் உரிய இடத்தில் திருப்பிக் கொடுத்த புண்ணியம் உங்களுக்கு. மைனாவின் அம்மா முதல் பதிவிலேயே டச்சில்தான் பேசியிருக்கிறார்!

இந்த ஊரை நம்மவர்கள் வேறு ஒரு கண்ணோடு பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அங்கே கால்வாய் வெட்ட மண்வெட்டி எடுத்த அதே 1613-ல், இங்கே பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டினார்கள். சோழமண்டலக் கரைக்கே அதுதான் அவர்களுக்குத் தலைமையிடம், 1690-ல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும் வரை. சீட்டித் துணி இங்கிருந்துதான் போனது. நாம் சீட்டி என்கிறோம், அவர்கள் 'சிட்ஸ்' என்கிறார்கள். ரைக்ஸ் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சோழமண்டலத்துச் சீட்டி இருக்கிறது. எல்லோரும் ரெம்ப்ராண்ட் வரைந்த 'நைட் வாட்ச்' (1642) ஓவியத்துக்கு முன்னால் முண்டியடிப்பார்கள். அதைப் பார்த்துவிட்டுத் துணி ஏதாவது காட்சிக்கு வைத்திருக்கிறார்களா என்று கேளுங்கள்.

துணி மட்டும் போகவில்லை. இந்தக் கரையிலிருந்து ஆயிரக்கணக்கான மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலில் ஏற்றி பட்டாவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அனுப்பினார்கள், பஞ்ச காலத்தில் தங்களையே விற்றுக்கொண்டவர்களும் அதில் உண்டு. அடிமை வியாபாரத்துக்கு ஆம்ஸ்டர்டாம் மேயர் 2021-லும் அந்நாட்டு மன்னர் 2023-லும் மன்னிப்புக் கேட்டார்கள். அவுடே ஹோக்ஸ்ட்ராட் தெருவில் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பழைய தலைமையகம் இருக்கிறது, இப்போது பல்கலைக்கழகக் கட்டடம். முற்றத்தில் மாணவர்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு சாண்ட்விச் தின்றுகொண்டிருப்பார்கள். பழவேற்காட்டுக்கான உத்தரவுகள் அந்த வீட்டிலிருந்துதான் வந்தன. நான் அங்கே பத்து நிமிடம் நின்றேன், யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

ஒரு நாள் மிச்சம் இருந்தால் லைடன் போங்கள், ரயிலில் முக்கால் மணி நேரத்துக்குள். அதுவும் கால்வாய் ஊர்தான், கூட்டம் குறைவு. நாகப்பட்டினத்தில் இருந்த சூடாமணி பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் விட்ட ஆனைமங்கலம் கிராமத்தின் செப்பேடுகள், ராஜேந்திரன் முத்திரையோடு 21 ஏடுகள், அந்த ஊர்ப் பல்கலைக்கழக நூலகத்துக்கு 1862-ல் போய்ச் சேர்ந்தன. வரலாற்றுப் புத்தகங்களில் 'லைடன் செப்பேடுகள்' என்று பெயரே வந்துவிட்டது. இந்தியா திரும்பக் கேட்டு வந்திருக்கிறது. நான் போன வருடத்தில் அவை காட்சியில் இல்லை. வாசலைப் பார்த்துவிட்டு வந்தேன்.

மாம்பலம்_மைனா:

எல்லோருக்கும் நன்றி. லிஃப்ட் உள்ள ஹோட்டல் போட்டுவிட்டேன், டிராம் நிறுத்தம் எதிரிலேயே. துட்டு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். "அப்படியா, அப்ப அவங்க நமக்குத் தரணும்" என்றார். போய்விட்டு வந்து எழுதுகிறேன்.

மாம்பலம்_மைனா:

வந்துவிட்டோம். எழுதுவதாகச் சொன்னேன் இல்லையா.

இரண்டாம் நாள் மழை, காற்று. சென்னைக் குடை முதல் பாலத்திலேயே முறுக்கிக்கொண்டது. அப்பா ராஜ அரண்மனைக்கு அடியில் 13,659 மரத்தூண்கள் என்று எங்கோ படித்துவிட்டு, முன்னால் ஒன்று, நடுவில் வருடத்து நாட்கள் 365, கடைசியில் ஒன்பது என்று எல்லோருக்கும் பாடம் எடுத்தார். சேற்றுக்குள் காற்றுப் படாமல் நீரில் மூழ்கியே இருக்கும் வரை மரம் மக்காதாம். நிலத்தடி நீர் இறங்கினால்தான் ஆபத்தாம். அறைக்குத் திரும்பும் வழியில் டிராமிலும் பக்கத்து சீட்காரருக்கு இதையே ஆங்கிலத்தில் சொன்னார்.

மூன்றாம் நாள் காலை, நானும் அப்பாவும் ஆனி ஃபிராங்க் வீட்டுக்குள் போனோம், அம்மா கரையில் பெஞ்சில். ஒன்றரை மணி நேரம் கழித்து வெளியே வந்தால் பெஞ்சில் ஆள் இல்லை. பயந்துவிட்டேன். பார்த்தால் கொஞ்ச தூரம் தள்ளிப் பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கீழே ஒரு தட்டையான படகு, அதன் மேல் கொக்குக் கழுத்து மாதிரி ஓர் இயந்திரக் கை, நுனியில் ஐந்து விரல் இரும்புக் கொக்கி. தண்ணீருக்குள் போகும், நிற்கும், மெதுவாக மேலே வரும். கொத்தாக சைக்கிள். சேறு ஒழுக ஒழுகப் படகில் கொட்டிவிட்டு மறுபடி உள்ளே போகும். கறுப்புச் சேறு, நம்ம ஊர்ச் சேறேதான். ஒரு சக்கரத்தில் செடி முளைத்திருந்தது.

"பதினொண்ணு ஆச்சு" என்றார் அம்மா, திரும்பிப் பார்க்காமலே. வருடத்துக்கு 12,000-க்கும் மேல் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். "இதுக்குன்னே ஆள் வச்சிருக்காங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இன்னும் கால் மணி நேரம் அங்கேயே நின்றார். முழங்கால் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கரை சார் சொன்ன மதகு பெஞ்சுக்கும் போனோம், ஆனால் சைக்கிள் படகுதான் ஜெயித்தது.

திறந்த படகில் ஒரு மாலை போனோம். ஆந்தை சொன்ன மூன்று மீட்டர் ஜோக் வந்தது. சிரித்தோம்.

லைடன் முடியவில்லை. பதிலாக, ஊர் திரும்பி இரண்டாவது ஞாயிறு, அம்மாவே கிளப்பிக்கொண்டு பழவேற்காடு போனோம். டச்சுக் கல்லறையின் வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூடு செதுக்கியிருக்கிறார்கள், ஒன்று தலையைக் கையில் தாங்கியபடி. கோட்டை இருந்த இடத்தில் முள்ளும் மேடும்தான், ஓர் ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. அப்புறம் ஏரிக்கரையில் நின்றோம். திரும்பும்போது பொன்னேரியில் காபி குடிக்க நிறுத்தினால், அப்பா கடை போர்டை நிதானமாகப் படித்துவிட்டு, "இது எந்த மாதிரி காபி ஷாப்?" என்று டிரைவரிடம் கேட்டார்.

பேசின்பிரிட்ஜ்_பேரன்:

சக்கரத்தில் செடி முளைத்த சைக்கிளுக்குப் படம் எடுத்தீர்களா?

மாம்பலம்_மைனா:

அம்மா எடுத்தார். விரல் பாதி மறைத்திருக்கிறது.

புதுப்பேட்டை_புதுசு:

இழையை முழுசாகப் படித்தேன். ஏப்ரலில் நானும் மனைவியும் போகிறோம். விமான நிலையத்திலிருந்து ஊருக்குள் வர ரயில் டிக்கெட் எங்கே வாங்குவது?

பெரம்பூர்_லோகோ:

வாங்க வேண்டாம், நுழைவாயிலில் கார்டைத் தட்டுங்கள். கால் மணி நேரத்தில் மத்திய நிலையம். ஆளுக்கு ஒரு கார்டு.